அரசு வேலைக்கு வாரிசு உண்டா?

பணியில் இருக்கும்போது இறந்த ஊழியரின் மகளுக்கு மாவட்ட ஆட்சியர் பணி நியமன ஆணை வழங்கும் படம் நாளிதழில் வருகிறது. சில நாள் கழித்து, “கருணை வேலையை உரிமையாகக் கேட்க முடியாது” என்று சொல்லி நீதிமன்றம் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்த செய்தி வருகிறது. இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. அப்பா பார்த்த அரசு வேலை பிள்ளைக்கு வருமா, வராதா?

சட்டத்தின் நேரடியான பதில்: வராது. இந்தியாவில் எந்த அரசுப் பதவியும் பிறப்பு வழியாகக் கைமாறாது. ஆனால், சம்பாதித்துக்கொண்டிருந்தவர் திடீரென இறந்து குடும்பம் தெருவுக்கு வரும் நிலையில், அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிட அரசு ஒரு வேலை கொடுக்கலாம். இவை இரண்டும் எப்படி ஒரே சட்டத்தில் சேர்ந்திருக்கின்றன, எந்த இடத்தில் மோதுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

ஊரில் எல்லோரும் சொல்வது ‘வாரிசு வேலை’. அரசாணைகளில் இருக்கும் பெயர் ‘கருணை அடிப்படையிலான பணி நியமனம்’. பேச்சுவழக்குப் பெயர் நிலைத்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு முதலில் கேட்கப்படுவது வட்டாட்சியர் அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழ். இறந்தவரின் வங்கிப் பணத்துக்கும் பட்டா மாற்றத்துக்கும் கேட்கப்படுவதும் அதே சான்றிதழ்தான். எல்லாவற்றுக்கும் ஒரே தாள் என்றால், வேலையும் சொத்தோடு சொத்தாக வந்து சேரும் என்று குடும்பம் நினைப்பதில் தவறு சொல்ல முடியாது.

அரசு ஊழியர் ஒருவர் இறந்தால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொகை, எடுக்காத விடுப்புக்கான பணம், விதிப்படி கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம். இவை அவர் உழைத்து ஈட்டியவை. குடும்பத்துக்கு உரிமையாகச் சேர வேண்டியவை. அரசு தராமல் இழுத்தடித்தால் நீதிமன்றம் சென்று வாங்கலாம்.

2. அவர் வகித்த பதவி. இது அவருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. அவர் இறந்த கணத்தில் அது காலியிடம். தகுதியுள்ள எந்தக் குடிமகனும் போட்டியிடலாம்.

3. குடும்பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு பணி. இறந்தவர் வகித்த அதே பணியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வட்டாட்சியராக இருந்து இறந்தவரின் மகன் வட்டாட்சியர் ஆவதில்லை. இளநிலை உதவியாளர், தட்டச்சர், அலுவலக உதவியாளர் போன்ற கீழ்நிலைப் பணிகளில் ஒன்று மட்டுமே கிடைக்கும்.

முதலாவது உரிமை, மூன்றாவது உதவி. இந்த எல்லையைத் தெரிந்துகொண்டால் நீதிமன்றத் தீர்ப்புகளில் பாதி புரிந்துவிடும்.

பதவி குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த காலம்

பதவி பரம்பரையாக வந்த காலம் ஒன்றும் புராண காலம் அல்ல. சென்னை மாகாணத்தில் 1895-ல் பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கிராம முன்சீப் (ஊர்த் தலைவர்), கர்ணம் (ஊர்க் கணக்கர்) போன்ற பதவிகள் காலியானால் முந்தையவரின் வாரிசு வரிசைப்படி அடுத்தவரை அமர்த்த வேண்டும் என்றது அது. வாரிசு சிறுவனாக இருந்தால்? அவன் பெயரை வாரிசாகப் பதிவு செய்துவிட்டு, அவன் வளர்ந்து தகுதி பெறும்வரை வேறொருவரை வைத்து வேலை பார்க்கவும் அதில் வழி இருந்தது. நாற்காலி பிள்ளைக்காகக் காத்திருந்தது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் கிராமங்களில் இன்றும் ‘கர்ணம் வீடு’, ‘மணியக்காரர் வீடு’ என்று சில வீடுகளுக்குப் பெயர் இருப்பது அந்த ஏற்பாட்டின் மிச்சம். நிலக்கணக்கு ஒரு குடும்பத்தின் கைக்குள் தலைமுறைகளாக இருந்தது. யாருக்கு எவ்வளவு நிலம், யார் பயிரிடுகிறார், யார் வரி பாக்கி என்ற விவரமெல்லாம் ஒரே வீட்டின் அலமாரியில் இருந்தால், ஊரில் அந்த வீட்டின் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஏது? பரம்பரைப் பதவியின் கேடு தகுதியில்லாதவர் வந்து உட்காருவதோடு முடிவதில்லை. மற்ற எல்லாக் குடும்பங்களையும் அது வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. எனக்கு அதுதான் பெரிய கேடாகத் தெரிகிறது.

இந்தச் சட்டம் குடியரசான பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் ஒரு கிராம முன்சீப் பதவிக்குப் பரம்பரை உரிமை இல்லாத ஒருவர் நியமிக்கப்பட்டார். பழைய முன்சீப்பின் மகன் 1895 சட்டத்தைக் காட்டி அந்தப் பதவியைப் பெற்றுக்கொண்டார். நியமனத்தை இழந்தவர் உச்ச நீதிமன்றம் சென்றார். கிராம முன்சீப் பதவி அரசின் கீழுள்ள பதவியே, வம்சாவழியை மட்டும் பார்த்து அதற்கு ஆள் வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1960 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1895 சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது என்றும் அறிவித்தது.

தமிழ்நாட்டில் 1968-ல் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனாலும் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் பெருமளவில் தொடர்ந்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் பகுதி நேரக் கிராம அதிகாரிகளின் 23,010 பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. அந்த இடத்தில் வந்தவர்தான் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர். ஒழிப்பை எதிர்த்த வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இதே காலத்தில் கோயிலுக்குள்ளும் இந்தக் கேள்வி நுழைந்தது. கருணாநிதி அரசு அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தி, அர்ச்சகர் பணிக்கு இருந்த பரம்பரை உரிமையை நீக்கியது. அர்ச்சகரை நியமிப்பது நிர்வாகச் செயல் என்பதால் பரம்பரை முறையை நீக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என 1972-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகம விதிகளைப் பின்பற்றும் கடமை வேறு, தந்தைக்குப் பின் மகன் என்ற ஏற்பாடு வேறு என்று அது பிரித்துப் பார்த்தது.

அரசியலமைப்பில் உள்ள ஒரு சொல்

அரசியலமைப்பின் 16-வது பிரிவு அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு தருகிறது. அதன் 2-வது உட்பிரிவு, எந்தெந்தக் காரணங்களைக் காட்டி ஒருவருக்கு வேலை மறுக்கக் கூடாது என்று பட்டியலிடுகிறது: மதம், இனம், சாதி, பால், வம்சாவழி, பிறந்த இடம், வசிப்பிடம்.

இந்தப் பட்டியலில் ‘வம்சாவழி’ இருப்பது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். பொதுவாகப் பாகுபாட்டைத் தடுக்கும் 15-வது பிரிவின் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. அரசு வேலை பற்றிய பிரிவில் மட்டும் கூடுதலாக நிற்கிறது. இன்னாருடைய மகன் என்பதற்காக வேலை கொடுக்கவும் கூடாது, இன்னாருடைய மகன் இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது.

அப்படியானால் கருணை நியமனம் மட்டும் எப்படிச் செல்லும்? அங்கும் இறந்தவரின் பிள்ளை என்பதால்தானே வேலை கிடைக்கிறது?

உச்ச நீதிமன்றம் 1990-களில் தந்த விளக்கம் இது: பிறப்பு மட்டுமே காரணம் என்றால் அந்த நியமனம் செல்லாது. சம்பாதித்தவர் பணிக்காலத்தில் இறந்து, அதனால் குடும்பம் உடனடி நெருக்கடியில் தவிக்கிறது என்பது காரணமாக இருந்தால் செல்லும். இரத்த உறவு யாருக்கு உதவி போய்ச் சேர வேண்டும் என்பதை அடையாளம் காட்ட உதவுகிறது. வேலைக்கான காரணம் நெருக்கடி. நெருக்கடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வம்சாவழி, அதற்கு 16-வது பிரிவில் இடமில்லை.

நாக்பால் தீர்ப்பு வகுத்த எல்லைகள்

தமிழ்நாட்டில் கருணை நியமனத்துக்கான அரசாணை 1972-ல் வந்தது. ஒன்றிய அரசு, ரயில்வே, வங்கிகள், பிற மாநிலங்கள் எல்லாவற்றிலும் இதுபோன்ற திட்டங்கள் இருந்தன. ஆளுக்கொரு விதி, சலுகை மேல் சலுகை என்று அவை வளர்ந்தன. உயர் பதவிகளைக்கூடக் கருணை அடிப்படையில் தந்த மாநிலங்கள் உண்டு. ஹரியானா அரசு தொடர்பான நாக்பால் வழக்கில் 1994 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. இன்றுவரை கருணை நியமனம் பற்றிய ஏறக்குறைய எல்லாத் தீர்ப்புகளும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அதன் சாரம்:

1. நோக்கம், திடீர் நெருக்கடியைக் குடும்பம் கடக்க உதவுவது. இறந்தவரின் பதவிக்கு இணையான பதவி தருவது நோக்கம் அல்ல.

2. ஊழியர் இறந்தார் என்பது மட்டும் போதாது. வேலை தராவிட்டால் குடும்பம் பிழைக்க முடியாது என்பதை அதிகாரி ஆராய்ந்து திருப்தி அடைய வேண்டும்.

3. மூன்றாம், நான்காம் நிலை எனப்படும் கீழ்நிலைப் பணிகள் மட்டுமே தரலாம்.

4. நியாயமான காலம் கடந்த பிறகு கேட்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த இது சேமித்து வைத்த உரிமை அல்ல.

அதே ஆண்டு எல்ஐசி தொடர்பான வழக்கில் இன்னொன்றையும் நீதிமன்றம் சொன்னது: மனுதாரர் மீது எவ்வளவு இரக்கம் வந்தாலும், விதியில் இல்லாத நியமனத்தை நீதிபதிகள் தர முடியாது. கருணை என்பது திட்டத்தின் பெயரில் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டும் அதிகாரம் விதிக்குள் அடங்கியது.

ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் ஐந்தாவது எல்லையும் வந்து சேர்ந்தது. ஒரு பணியை ஏற்றுக்கொண்ட பிறகு, “எனக்கு இதைவிடப் பெரிய பணிக்குத் தகுதி இருந்ததே” என்று திரும்பிவந்து கேட்க முடியாது. சலுகை ஒருமுறைதான்.

விண்ணப்பம் நகரும் விதம்

தமிழ்நாட்டில் விண்ணப்பம் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போய்ச் சேர வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்பம் வறிய நிலையில் இருக்கிறது என்று வருவாய்த் துறை தரும் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம், கல்விச் சான்றுகள் ஆகியவை தேவை. 2023-ல் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அதுவரை அரை நூற்றாண்டாக அரசாணைக்கு மேல் அரசாணை என்று சிதறிக் கிடந்ததால், எது நடப்பில் உள்ளது என்று துறை அலுவலர்களே தடுமாறினார்கள். ஒரே விதித்தொகுப்பாக வந்தது நல்ல மாற்றம்.

ஒன்றிய அரசில் கதை வேறு. அங்கே நேரடி நியமனத்துக்கான குரூப் சி காலியிடங்களில் 5 சதவீதம் மட்டுமே கருணை நியமனத்துக்கு. ஒரு துறையில் ஓர் ஆண்டில் 20 இடங்கள் நிரப்பப்பட்டால் அதில் ஒன்றுதான் இவர்களுக்கு. எனவே குடும்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்: குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு, கிடைத்த தொகை எவ்வளவு, படிக்கும் பிள்ளைகள் எத்தனை, மணமாகாத மகள்கள் எத்தனை, இறந்தவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு பணி மிச்சம் இருந்தது. யார் அதிக ஏழை என்று துக்க வீடுகளுக்குள் போட்டி வைப்பது பார்க்கவே வேதனையான காரியம். ஆனால் இருபது இடங்களில் ஒன்றுதான் என்றால் ஏதோ ஓர் அளவுகோல் வேண்டித்தான் இருக்கிறது.

வேலை பெறுபவர் ஓர் உறுதிமொழியும் தர வேண்டும்: குடும்பத்தின் மற்றவர்களை நான் காப்பாற்றுவேன். காப்பாற்றாமல் விட்டால் வேலையே பறிபோகலாம். கைம்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர் மறுமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒன்றிய அரசின் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. மறுமணத்துக்குப் பிறகும் பணியில் தொடரலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

அதிகம் சிக்கலாவது காலம்

கருணை நியமன வழக்குகளில் பெரும்பாலானவை கடைசியில் காலக் கணக்கில் வந்து நிற்கின்றன. இங்கே சட்டத்தின் தர்க்கம் சாதாரண மனிதரின் தர்க்கத்துக்கு நேரெதிராக ஓடுகிறது. “பத்து வருடமாகக் கஷ்டப்படுகிறோம், இப்போதாவது வேலை கொடுங்கள்” என்கிறது குடும்பம். “பத்து வருடம் தாக்குப்பிடித்துவிட்டீர்கள் என்றால் நெருக்கடியைக் கடந்துவிட்டீர்கள் என்றுதானே பொருள்” என்கிறது நீதிமன்றம்.

மூன்று வழக்குகளை அடுத்தடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

1. ஹரியானாவில் 1997-ல் ஒரு காவலர் பணியின்போது இறந்தார். மகனுக்கு அப்போது 7 வயது. மகன் 2008-ல் 18 வயது நிரம்பிய பிறகு வேலை கேட்டார். தந்தை இறந்து 11 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சிறுவனின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்த 1895 சட்டத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். பதவி சொத்தாக இருந்தபோது அது பிள்ளைக்காகக் காத்திருந்தது. அது நிவாரணமாக மாறியபின் காத்திருப்பதில்லை.

2. மேற்கு வங்கத்தில் நகராட்சி ஊழியர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட விண்ணப்பங்களோடு நீதிமன்றம் வந்தன. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கைகள் காலாவதியாகிவிட்டன என்றது.

3. ஒடிசாவில் 2010-ல் தந்தை இறந்தவுடனேயே மகன் விண்ணப்பித்தார். கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தூங்கியது. அதற்குள் 2020-ல் மாநில அரசு விதிகளைக் கடுமையாக்கிவிட்டு, புது விதிப்படி உங்களுக்குத் தகுதியில்லை என்றது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. பழைய விதிப்படியே வேலை தரச் சொன்னது. முழுமையான விண்ணப்பம் வந்த 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

முதல் வழக்கின் முடிவு கசப்பானது. அதன் தர்க்கத்தை ஏற்கிறேன். என்னால் ஏற்க முடியாதது இரண்டாவது வகை. குடும்பம் தூங்கியதா, அலுவலகம் தூங்கியதா என்ற வேறுபாட்டை எல்லாத் தீர்ப்புகளும் ஒரே கண்டிப்போடு பார்ப்பதில்லை. அலுவலகம் எட்டு வருடம் கோப்பை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, “எட்டு வருடம் ஆகிவிட்டது” என்பதையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டுவது, தவறு செய்தவருக்கே பரிசு தருவதாகும். உடனடி உதவி என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்றால், அந்த உடனடிக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவர் அரசு அலுவலர். 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: இத்தகைய விண்ணப்பங்களைக் கிடப்பில் போடக் கூடாது.

விதி நடுவில் மாறினால் எது பொருந்தும், இறந்த நாளில் இருந்த விதியா, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் நாளில் உள்ள விதியா? கர்நாடகம் தொடர்பான வழக்கில் 2020-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு, பரிசீலிக்கும் நாள் என்றது. இந்தியன் வங்கி தொடர்பாக அதே ஆண்டில் வந்த தீர்ப்பு இறந்த நாளில் இருந்த திட்டத்தையே பார்த்தது. இப்படி எதிரெதிரான தீர்ப்புகள் இருப்பதால்தான் ஒரே மாதிரியான இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு விதமான முடிவு கிடைக்கிறது.

வறுமையை அளப்பதிலும் இதே இழுபறி. குடும்ப நலத் தொகை தருகிறோம் என்பதைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று பொதுத்துறை எஃகு நிறுவனமான ‘செயில்’ தொடர்பான வழக்கில் 2000-ல் தீர்ப்பு வந்தது. ஸ்டேட் வங்கி தொடர்பான 2004 தீர்ப்போ கிடைத்த பணத்தையும் ஓய்வூதியத்தையும் கணக்கில் எடுத்து, குடும்பம் வறுமையில் இல்லை என்ற வங்கியின் முடிவை ஏற்றது. 2025 பிப்ரவரியில் கனரா வங்கி வழக்கில் அளவுகோல் இன்னும் இறுகியது. முன்பிருந்த வசதி குறைந்துவிட்டது என்பது போதாது, அன்றாடப் பிழைப்பே தள்ளாடும் நிலை வேண்டும்.

குடும்பம் என்றால் யார்?

விதிகளில் நீண்ட காலம் ‘மகன், மணமாகாத மகள்’ என்றே எழுதியிருந்தார்கள். மகனுக்குத் திருமணம் ஆனாலும் அவன் மகன். மகளுக்குத் திருமணம் ஆனால் அவள் அந்தக் குடும்பத்தில் இல்லை. கணவனை இழந்த தாயை மணமான மகள்தான் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள் என்ற நிலை எத்தனையோ வீடுகளில் இருந்தும் விதி அதைப் பார்க்க மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2020-ல் விதியிலிருந்த ‘மணமாகாத’ என்ற சொல்லையே நீக்கியது.

இரண்டாவது மனைவியின் பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் அழகான ஒரு திருப்பம் எடுத்தது. ரயில்வே அவர்களுக்குக் கருணை நியமனம் இல்லை என்று சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. பெற்றோரின் திருமணம் செல்லாததாக இருக்கலாம், பிள்ளையின் பசி செல்லாததாக ஆகாது. பிறப்பின் அடிப்படையில் மறுப்பதும் வம்சாவழிப் பாகுபாடே என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரம்பரை உரிமையை ஒழிக்க 1960-ல் பயன்பட்ட அதே 16(2) பிரிவு, இங்கே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டது.

உயிரோடு ஓய்வு பெற்றவரின் பிள்ளைக்கு?

இங்கே நீதிமன்றங்களின் பதில் தடுமாற்றமில்லாதது: இல்லை.

தில்லி காவல்துறையில் காவலர்களின் மகன்களுக்கு ஆள் தேர்வில் முன்னுரிமை தரும் வழக்கம் இருந்தது. அது சம வாய்ப்புக்கு எதிரானது என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் இந்த ஆசை வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றில் பெரியது ரயில்வேயின் திட்டம்.

தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்களும் ரயில் ஓட்டுநர்களும் ஐம்பது வயதைத் தாண்டினால் உடல் தளரும், அதனால் பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற காரணத்தைச் சொல்லி 2004-ல் ரயில்வே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 50 முதல் 57 வயதுக்குள் விருப்ப ஓய்வு பெற்றால் தகுதியுள்ள பிள்ளைக்கு வேலை. 2010-ல் இதை இன்னும் பல பிரிவினருக்கு விரித்தார்கள். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் உழைத்துத் தேய்ந்தவருக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனால் ஓய்வு பெறுபவருக்கு ஓய்வூதியமும் கிடைக்கிறது, வீட்டில் யாரும் சாகவில்லை, பிள்ளைக்கு வேலையும் உறுதி. வெளியிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போட்டியிடவே முடியாது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் இது சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் 14-வது பிரிவுக்கும் 16-வது பிரிவுக்கும் முன் நிற்காது என்றது. ரயில்வே 2017 அக்டோபரில் திட்டத்தை நிறுத்தியது. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் தொடர்ந்து போராடினார்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் புறவாசல் வழி நுழைவு என்று சொல்லி முடித்துவைத்தது.

தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் ஓய்வு பெறும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வேலை தரும் திட்டமும் 2017-ல் ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாநகராட்சியில் ஓய்வு பெற்ற ஊழியர்களின் வாரிசுகளுக்கு வேலை கேட்டுத் தொழிற்சங்கம் நடத்திய வழக்கில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதே முடிவைச் சொன்னது: ஓய்வு எதிர்பார்த்து வருவது, அது திடீர் நெருக்கடி அல்ல.

நோயாலோ விபத்தாலோ பணி செய்ய முடியாமல் மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து விலக்கப்படுபவர் இந்தத் தடையில் சேரமாட்டார். அவருடைய குடும்பத்துக்குக் கருணை நியமனம் தரலாம் என்று ஆந்திர வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இறந்தவரின் குடும்பத்தைவிடச் சில நேரம் அவர்கள் நிலை மோசம். வருமானம் நின்றதோடு மருத்துவச் செலவும் சேர்கிறது.

தூய்மைப் பணி: யோசிக்க வைக்கும் இடம்

இந்தப் பொது நிலைக்கு மாறாக, மகாராஷ்டிரத்தில் லாட்-பாகே குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில், தூய்மைப் பணியாளர் ஓய்வு பெற்றாலும் வாரிசுக்கு அந்த வேலையைத் தரும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சங்கங்கள் இதைக் காப்பாற்றப் போராடுகின்றன. அவர்களுடைய நிலையிலிருந்து பார்த்தால் கோரிக்கை புரிகிறது. எங்கு பார்த்தாலும் தூய்மைப் பணி ஒப்பந்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிரந்தரமான சம்பளத்தோடு வரும் ஒரே வேலையையும் விட்டுவிட்டால் குடும்பத்துக்கு வேறென்ன பிடிமானம்?

ஆனால் மற்ற அரசு வேலைகளில் பரம்பரை என்பது வெளியாரைத் தடுக்கும் வேலி. தூய்மைப் பணியில் அது உள்ளே இருப்பவர்களை வெளியேற விடாத வேலி. சாதியால் சுமத்தப்பட்ட தொழில், அரசு விதியின் பெயரால் மகனுக்கும் மகளுக்கும் கையளிக்கப்படுகிறது. அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குத் தர வேண்டியது அலுவலகத்தில் ஒரு மேசை, இல்லையென்றால் படித்து முடிக்கும்வரை உதவித்தொகை. அப்பாவின் துடைப்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, நியமன ஆணை வழங்கினோம் என்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலைக்குப் பதில் சம்பளம்

ஹரியானா 2006-ல் வேறொரு வழியை முயன்று பார்த்தது. குடும்பத்துக்கு வேலை தருவதற்குப் பதிலாக, இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான தொகையை மாதாமாதம் தருவது. இறந்தவர் 35 வயதுக்குக் கீழ் என்றால் 15 ஆண்டுகள், 35 முதல் 48 வரை என்றால் 12 ஆண்டுகள், அதற்கு மேல் என்றால் 7 ஆண்டுகள். ஓய்வு வயது இடையில் வந்தால் அதற்கேற்ற வரம்பும் உண்டு. யாருக்கு வேலை என்று அண்ணன் தம்பிக்குள் சண்டையில்லை, காலியிடத்துக்காகக் காத்திருப்பும் இல்லை. நெருக்கடிக்கு நேரடியான மருந்து.

பின்னர் ஹரியானாவே வேலை தரும் முறைக்கும் ஓரளவு திரும்பியது. பொதுத்துறை வங்கிகளும் ஒரு கட்டத்தில் வேலைக்குப் பதில் கருணைத் தொகை என்று மாறி, மீண்டும் வேலைக்குத் திரும்பின. பணம் தீர்ந்துவிடும், வேலை அறுபது வயது வரை நிற்கும் என்று குடும்பங்கள் நினைப்பதே காரணம். தமிழ்நாட்டில் 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கருணை அடிப்படையில் தரப்படும் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகள்தான் அந்தத் தேர்விலும் இருக்கின்றன. எனவே ஓர் இடத்தின் மதிப்பு என்னவென்று இரு தரப்புக்கும் தெரியும்.

இறப்பு நேர்ந்த வீட்டில் செய்ய வேண்டியது

இந்தத் தீர்ப்புகளிலிருந்து ஒரு குடும்பத்துக்கு நடைமுறையில் தேவைப்படுவது இவ்வளவுதான்.

1. பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதிகம் பேர் வேலையை இழப்பது இந்த ஒரு முடிவால்தான். தகுதியுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் பெயரில் உடனே விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. பெரும்பாலான வீடுகளில் அவர் இறந்தவரின் மனைவிதான். படிப்புக் குறைவு என்று அவர் தயங்கத் தேவையில்லை. ஒன்றிய அரசின் பல்பணி ஊழியர் பணிக்குக் கைம்பெண்ணுக்குக் கல்வித் தகுதியில் தளர்வே உண்டு.

2. விண்ணப்பத்தை அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும் தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். நேரில் கொடுக்க முடியாவிட்டால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு தாமதம் யாருடையது என்ற கேள்வி வந்தால், வழக்கு அந்த ஒரு தாளின் மேல்தான் நிற்கும்.

3. 6 மாதங்களுக்கு மேல் பதில் இல்லையென்றால் ஒடிசா வழக்கின் 2022 தீர்ப்பைச் சுட்டி எழுத்துப்பூர்வமாக நினைவூட்ட வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் “பார்க்கலாம்மா, அடுத்த மாசம் வாங்க” என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது.